பாசியில் எண்ணெய் எங்கே இருக்கிறது?

வத்தல்மலைக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரத்தின் பட்டையைத் தடவினால் இரண்டு விதமான வளர்ச்சி தட்டுப்படும். ஒன்று, ஈரம் கோத்த பச்சை மெத்தை. அது பாசிச் செடி. நுண்ணிய தண்டும் இலையும் கொண்ட தாவரம். மற்றொன்று, காய்ந்த சாம்பல்நிறச் செதில். அது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பிரியாணியில் போடும் கல்பாசி இந்த இரண்டாம் வகை. ஆகவே ‘பாசி எண்ணெய் கிருமியை அழிக்கிறது’ என்று செய்தி வந்தால், எந்தப் பாசி என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது, எந்த எண்ணெய்? ஒகேனக்கல்லில் உடம்புக்குத் தேய்த்துவிடும் எண்ணெய் வேறு. எந்த மூலிகையைப் போட்டுக் காய்ச்சினாலும் அது செக்கில் ஆட்டிய எண்ணெய்தான். வாசனை எண்ணெய் நீராவியோடு ஏறி, குளிர்ந்தபின் நீர்மேல் மிதப்பது. நீலகிரித் தைலம் அப்படித்தான் எடுக்கப்படுகிறது. அது வரும் யூகலிப்டஸ் இலையில் இதற்கென்றே சுரப்பிகள் உண்டு. பச்சை இலை 100 கிலோவுக்குச் சுமார் ஒரு கிலோ தைலம் தேறும். பாசிச் செடியில் அத்தகைய சுரப்பி கிடையாது. வடித்தால் குடுவையின் ஓரத்தில் ஒரு பிசுபிசுப்பு மட்டும் ஒட்டியிருக்கும்; அதை ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றிக் கழுவித்தான் திரட்ட முடிகிறது.

அந்தச் சொற்பத்தில் என்ன இருக்கிறது? டெர்பீன்கள், நீண்ட ஹைட்ரோகார்பன்கள், சில ஆல்டிஹைடுகள். துருக்கியின் கருங்கடல் பகுதிப் பாசிகளை வடித்துப் பார்த்தவர்கள் பல இனங்களில் நோனனால் என்ற ஆல்டிஹைடைக் கண்டார்கள். ஒலியிக் அமிலம் காற்றுபட்டுச் சிதைந்தாலும் நோனனால் உண்டாகும். நம் தோலிலிருந்தும் அது வருகிறது. கியூலெக்ஸ் கொசு அதையும் மோப்பம் பிடித்து நம்மைத் தேடி வருகிறது! எனவே மணிக்கணக்கில் கொதித்த பாசியில் நோனனால் இருந்தால், அது செடியின் சொந்தச் சரக்கா, அடுப்பில் பிறந்ததா என்று ஐயப்படுவதில் தவறில்லை.

உண்மையான எண்ணெய்க் கிடங்கு பாசியின் உறவான லிவர்வோர்ட்டில் இருக்கிறது. பதினோராம் வகுப்புத் தாவரவியலில் வரும் மார்கான்ஷியா அந்த இனம்தான். அதன் சில செல்களுக்குள் சவ்வு போர்த்திய எண்ணெய்ப் பைகள் உண்டு. உள்ளே டெர்பீன்களும் மார்கான்டின் போன்ற பீனால் சேர்மங்களும் இருக்கும். 2020இல் வெளியான ஆய்வுகளில், இந்தப் பைகள் இல்லாத மார்கான்ஷியாவை மரவட்டை போல உருளும் சிற்றுயிர்கள் விரும்பித் தின்றன. பை உள்ளதை அவ்வளவாகத் தொடவில்லை. எண்ணெய் தற்காப்புக்குத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘கிருமியை அழிக்கிறது’ என்பது பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் எண்ணெயில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் நின்ற வட்டம். அந்த அளவு எண்ணெய் உடலுக்குள் போய் என்ன செய்யும் என்று தட்டு சொல்லாது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் காயங்களுக்கு ஸ்பாக்னம் பாசியை வைத்துக் கட்டினார்கள். பயன்பட்டது அதன் உறிஞ்சும் திறனும் அமிலத்தன்மையும், எண்ணெய் அல்ல. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஐரோப்பிய வாசனைத் திரவியங்களின் ‘ஓக் பாசி’ ஒரு லைக்கன். அதன் சாற்றிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோல் ஒவ்வாமை தருவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அழகுசாதனப் பொருட்களில் தடைசெய்தது. இயற்கையில் கிடைத்தது என்பது அங்கே செல்லுபடியாகவில்லை.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளின் பாசியில் யாராவது எண்ணெய் ஆய்வு செய்தால் நாம் பார்க்க வேண்டியவை: சரிபார்த்த இனப்பெயர், உலர்பாசியின் எடை, கிடைத்த எண்ணெயின் அளவு, ஒப்பிட்டுப் பார்த்த மருந்து, மனித செல்லுக்கு அதே அளவு நஞ்சாகிறதா என்ற சோதனை.