மருந்தையே எதிரியாக நினைக்கும் உடம்பு

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகையும் கூடவே வந்துவிடுகிறது. ஏன் தெரியுமா? சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற புரதம் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அதே புரதத்தைச் செயற்கையாகத் தயாரித்து ஊசியாகப் போட 1989-ல் அமெரிக்கா அனுமதித்தது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் அவதி பலருக்கும் தீர்ந்தது.

ஆனால் ஐரோப்பாவில் 1998-ல் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. எப்ரெக்ஸ் என்ற எரித்ரோபாய்டின் மருந்தில், புரதம் கெட்டுப்போகாமலிருக்க மனித ரத்தத்திலிருந்து எடுத்த அல்புமின் சேர்த்திருந்தார்கள். அதன் வழியாக நோய் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் அல்புமினை நீக்கிவிட்டு, பாலிசார்பேட் 80 சேர்த்தார்கள். நோக்கம் நல்லதுதான். மருந்துப் புரதமும் மாறவில்லை!

அதன்பின் சில நோயாளிகளின் உடம்பு அந்த மருந்தை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்புரதங்களை உருவாக்கியது. அவை மருந்தோடு நிற்கவில்லை... உடம்பில் இயற்கையாக மிச்சமிருந்த கொஞ்ச எரித்ரோபாய்டினையும் செயலிழக்க வைத்தன. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. மறுபடியும் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை. எரித்ரோபாய்டின் ஊசி போட்டுக்கொண்ட 13 பேருக்கு இப்படி ஆனதை, பிரான்சின் நிக்கோல் கசாதவால் குழுவினர் 2002-ல் வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? ஊசிக்குழலின் ரப்பர் அடைப்பானிலிருந்து கசிந்த பொருட்கள், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட புரதங்கள், தோலுக்கடியில் ஊசி போடும் முறை என்று பலவும் சந்தேகிக்கப்பட்டன. சிறுநீரக நோயாளிகளுக்கு இதைத் தோலுக்கடியில் போடக்கூடாது என்று 2002 இறுதியில் ஐரோப்பாவில் தடை வந்தது. அடைப்பானும் மாற்றப்பட்டது. பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன.

"சரக்கு ஒன்றுதான், பாட்டில்தான் வேறு" என்ற வியாபாரக் கணக்கு புரத மருந்துக்குப் பொருந்தாது. இங்கே தயாரிக்கும் விதமும் அடைக்கும் விதமும்கூட மருந்தின் ஒரு பகுதிதான்.

இதைக் காட்டி, விலை குறைந்த பயோசிமிலர் மருந்துகளே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு. எப்ரெக்ஸ் நகல் அல்ல, அசல்! விலை அதிகம் என்பதாலேயே ஒரு மருந்து பாதுகாப்பானதாகிவிடாது.

தேவைப்படுவது கண்காணிப்பு. எந்த நோயாளிக்கு எந்த பிராண்ட், எந்த பேட்ச் மருந்து போடப்பட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் இதைத்தான் வலியுறுத்துகிறது. எழுதுவதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த வரி இல்லையென்றால், உடம்பு எந்த மருந்தை எதிர்த்தது என்று கண்டுபிடிப்பதற்குள் இன்னும் எத்தனை பேருக்கு அதே ஊசி போடப்பட்டிருக்குமோ?