ஆயிரங் கண்கள் யாருடையவை?

திறந்த மூல மென்பொருளைப் போற்றுவோர் சிலர் ஒரு சுலோகத்தை வேதவாக்காகக் கொண்டுள்ளனர். நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடப்பதால், கண்கள் பெருகப் பெருகப் பிழைகள் தாமே வெளிப்படுமாம். எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்த இக்கருத்து கேட்க இனிமையானதுதான். ஆனால் அக்கண்கள் உழைக்கும் மனிதரின் கண்கள் என்பதையும், அவ்வுழைப்புக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதையும் இவர்கள் பேசுவதேயில்லை.

2024 மார்ச் 29ஆம் திகதி அம்பலமான எக்ஸ்-ஸெட் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தரவைச் சுருக்க உதவும் இச்சிறு மென்பொருள் லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் உண்டு. பெருங் கம்பனிகள் இலாபமீட்டும் இயந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. எனினும் அதனைப் பல்லாண்டு பராமரித்தவர் பெரும்பாலும் ஒரே மனிதர். அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். பிறர் அனுப்பும் திருத்தங்களை வரி வரியாக வாசித்து, சோதித்து, தகுந்தவற்றை மூலத்துடன் இணைப்பது அவர் தலையில் விழுந்த சுமை. 2022இல் முன்பின் அறியாத சில பெயர்கள் தோன்றி, வேலை தாமதிக்கிறது, பொறுப்பைப் பிறருக்குக் கொடும் என நெருக்கின. தமது மனநலக் குறைவையும், இது சம்பளமற்ற முயற்சி என்பதையும் அவர் பகிரங்கமாகவே எழுதினார்.

கைகொடுக்க நின்றவர் ‘ஜியா டான்’ என்னும் பெயரினர். 2021 முதல் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை தேடிய அவருக்கு இணைக்கும் அதிகாரமும் கிடைத்தது. 2024 பெப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் நஞ்சு புகுந்தது. மனிதர் வாசிக்கவியலாத சோதனைக் கோப்புகளில் அது ஒளிந்திருந்தது. அதனை எழுப்பும் வரிகளோ எல்லோரும் வாசிக்கும் களஞ்சியத்தில் இல்லை. விநியோகப் பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை ஆயிரம் பேர் படித்திருந்தாலும் அவ்வரிகள் அகப்பட்டிரா!

கண்டுபிடித்தவர் அந்திரெஸ் புரொயின்ட் என்ற பொறியியலாளர். கண்கள் காத்துவிட்டன என இதையே சான்று காட்டுவோரும் உளர். அவர் செய்துகொண்டிருந்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கும் வேலை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகையில் அரை விநாடி தாமதம் ஏற்பட்டது. ஏன் என்று துருவினார். தற்செயலைக் காவற்காரனாக நியமிக்கலாமா?

முன்னரும் ஓப்பின்-எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 2011 இறுதியில் மீளாய்வின் பின்னரே இணைக்கப்பட்ட ஒரு பிழை 2014 வரை எவர் கண்ணிலும் படவில்லை. உலக வாணிபமே சார்ந்திருந்த அத்திட்டம் பெற்ற நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். அம்பலமான பின்னரே கம்பனிகள் பணப்பையுடன் ஓடிவந்தன. வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டிய கதை!

கூலி புகுந்தால் தன்னார்வத்தின் தூய்மை கெடும் என்கின்றனர். பிறர் உழைப்பில் ஊதியம் பெறுவோர் வாயிலிருந்தே இவ்வுபதேசம் பெரும்பாலும் வருகிறது. எதை இணைப்பது என்னும் முடிவு பராமரிப்போர் கையிலேயே இருக்கட்டும். அவர்கள் வாசிக்கும் மணித்தியாலங்களுக்கான சம்பளத்தை அந்நிரலால் இலாபமடைவோர் மாதந்தோறும் கொடுக்கட்டும்.