பாதம் மட்டும்

அறந்தாங்கியில் மீமிசல் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஆவுடையார்கோயில். அங்கே ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே. யோகாம்பாளுக்கும் உருவமில்லை. கல் பலகணி வழியே எட்டிப் பார்த்தால் பீடத்தின்மேல் இரண்டு பாதங்கள். அம்பாளின் மேனி முழுவதையும் விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் நம் முன்னோர்.

ஸ்பெயினில் அதே பாதம் ஒரு காலத்தில் மறைக்க வேண்டிய உறுப்பாக இருந்தது. செவில் நகரில் சமய விசாரணை மன்றத்துக்காக ஓவியங்களைக் கண்காணித்தவர் பிரான்சிஸ்கோ பச்சேகோ. வெலாஸ்கெஸின் குரு, மாமனாரும்கூட. அவர் இறந்தபின் 1649இல் வெளிவந்த நூலில், கன்னி மரியாளின் பாதம் மூடியிருக்க வேண்டும் என்கிறார். ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், பாலூட்டும் மரியாளின் திறந்த மார்பை ஐரோப்பியர்கள் கூச்சமின்றி வரைந்து வணங்கினார்கள். அந்த மார்பு அவர்களுக்குக் கருணையின் அடையாளம். 1450களில் ழான் ஃபூக்கே திறந்த மார்போடு தீட்டிய மரியாளின் முகம், பிரெஞ்சு மன்னனின் காதலி ஆக்னஸ் சொரேலுடையது என்று சொல்வார்கள். 1563இல் ட்ரெண்ட் பொதுச்சங்கம் திருவுருவங்களில் காமக் கவர்ச்சி கூடாதென்றது. மைக்கலாஞ்சலோ இறந்த மறுவருடமே அவருடைய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் இருந்த நிர்வாண உருவங்கள் சிலவற்றுக்கு இடுப்புத் துணி வரையப்பட்டது.

எந்த உறுப்பு புனிதம், எது ஆபாசம் என்று காலமும் இடமும் மாற்றி மாற்றித் தீர்ப்பெழுதியிருக்கின்றன. நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் துறவைப் போற்றும் சமணர்களின் அறிவர் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தார். அதன் தூண்களில் மேலாடையற்ற நடனப் பெண்கள் கை வீசி ஆடுகிறார்கள். அந்த உடலைத் துறவுக்கு எதிரியாக அவர்கள் நினைத்திருந்தால் வாசலிலேயே தீட்டியிருக்க மாட்டார்கள்.

இன்றைய நம் நிலை வருத்தம் தருகிறது. சுற்றுலா வரும் பிள்ளைகளைப் பெண் சிலைகளின் முன் நிற்கவிடாமல் விரட்டிக்கொண்டு போகிறார்கள். இன்னொரு பக்கம், கோயில் தூண்களில் இருக்கும் பெண் சிலைகளைக் கவனியுங்கள்: மார்பு மட்டும் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் ஏறிக் கறுத்து மின்னும். நேராகப் பார்க்கக் கூசுகிற இடத்தை, ஆளில்லாத நேரத்தில் கை தேடிப் போகிறது. பார்க்கக் கற்றுக்கொடுக்காததன் விளைவு இது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஆவுடையார்கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது குறத்தி சிலையின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். சிற்பி இடுப்பை ஏன் ஒடித்தான், பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு யோகாம்பாளின் பாதங்களைக் காட்டுங்கள்.