கொடைக்கானல் ஏரி மீன்: பிடிக்கலாம், சாப்பிடலாமா?

காலை 6 மணி. கொடைக்கானல் ஏரி மீது பனிமூட்டம் படுத்திருக்கிறது. படகுகள் இன்னும் கரையில் கட்டிக் கிடக்கின்றன. குதிரைக்காரர்கள் கூட வரவில்லை. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.

திடீர் என்று "பளக்" என்று ஒரு சத்தம்! தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை பரவுகிறது.

அதுதான் கெண்டை. நல்ல பெரிய கெண்டை.

ஏரியில் மீன் இருக்கிறதா? இருக்கிறது. தூண்டிலில் மாட்டுமா? மாட்டும். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது!

கலெக்டர் கட்டிய ஏரி

இது இயற்கையாக உண்டான ஏரி அல்ல. மனிதன் கட்டிய ஏரி.

1845-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் குடியேறினார்கள். மதுரையின் வெயிலும் காய்ச்சலும் அவர்களை மலைமேல் துரத்தின. அப்போது இங்கே ஏரி கிடையாது. பள்ளத்தில் சதுப்பு நிலமும், அதில் வந்து சேரும் ஓடைகளும்தான் இருந்தன. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் அங்கே ஒரு கரையைப் போட்டார். ஓடைத் தண்ணீர் தேங்கியது. பள்ளத்தின் கிளைகளில் எல்லாம் தண்ணீர் புகுந்ததால் ஏரி நட்சத்திர வடிவம் பெற்றது.

பரப்பளவு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 11 மீட்டர். சராசரி ஆழம் 3 மீட்டர்தான். அதாவது இரண்டு ஆள் உயரம் கூட இல்லை! ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான், மலைப்பாதையில் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி நின்று பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி.

இலங்கையிலிருந்து வந்த மீன்

சமவெளிக் குளங்களில் வளரும் கட்லா, ரோகு போன்ற மீன்களுக்கு 7 ஆயிரம் அடி உயரத்துக் குளிர் ஒத்துக்கொள்ளாது. குளிரையும் தாங்க வேண்டும், ஓடாத தண்ணீரில் குஞ்சும் பொரிக்க வேண்டும். அப்படி ஒரு மீன் எங்கே கிடைக்கும்?

இலங்கையில் கிடைத்தது. 1939-ல் அங்கிருந்து ஊட்டிக்கு ஒருவகைக் கெண்டை கொண்டுவரப்பட்டது. அதன் பூர்வீகம் ஐரோப்பா. "சாதா கெண்டை" என்று மீன் துறையினர் சொல்வது இதைத்தான். இதில் ஒரு ஜாதிக்கு உடம்பு முழுவதும் செதில் இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பெரிய செதில்கள் கண்ணாடித் துண்டு பதித்ததுபோல் பளபளக்கும். அதனால் "கண்ணாடிக் கெண்டை" என்று பெயர். ஊட்டியில் நன்றாகப் பெருகியது. பிறகு மற்ற மலை ஏரிகளுக்கும் போயிற்று. கொடைக்கானல் ஏரியும் அதற்குப் புகுந்த வீடு ஆயிற்று.

இந்த மீன் பெருகுவதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை இடும். ரோகு, கட்லாவுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும். இதற்கு அது தேவை இல்லை. தண்ணீர் சற்றுச் சூடேறும் காலத்தில், கரையோரப் பாசியிலும் செடியிலும் முட்டையை ஒட்டிவிடும். சில நாட்களில் குஞ்சு வந்துவிடும். ஒரு லட்சத்தில் பெரும்பகுதியைப் பூச்சியும் பறவையும் மற்ற மீன்களும் தின்றுவிடும். அப்படியும் மிஞ்சுவது போதும். ஏரியில் கெண்டை அற்றுப்போகும் என்ற பயம் வேண்டாம்.

சேற்றைக் கிளறும் வாய்

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் பல். வாயைக் குழாய்போல் முன்னுக்கு நீட்டும். உதட்டு ஓரத்தில் நான்கு மீசைகள். அந்த மீசையால் சேற்றைத் தடவிப் பார்த்து, சேற்றோடு சேர்த்து உறிஞ்சும். புழு, நத்தை, விதை எல்லாவற்றையும் வடிகட்டித் தின்றுவிட்டுச் சேற்றைத் துப்பிவிடும்.

ஆகவே இதற்குத் தூண்டில் போடுகிறவர் இரையை நடுத் தண்ணீரில் தொங்கவிட்டால் பயன் இல்லை. தரைக்கு இறக்க வேண்டும். மண்புழுவும் போடலாம், பிசைந்த கோதுமை மாவு உருண்டையும் போடலாம். செடிகள் முடிந்து வெறுந்தண்ணீர் தொடங்கும் ஓரம் நல்ல இடம். அதிகாலையும் மாலையும் நல்ல நேரம். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மீன் மந்தமாக இருக்கும், பசியும் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் அப்போதுதான் ஏரி முழுவதும் படகு! சீசன் கூட்டத்தைப் பார்த்து, 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது நினைவிருக்கும். மீனும் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கத்தான் செய்யும்.

இன்னொன்று. தூண்டில் போட மீன் துறையின் அனுமதி வேண்டும். கேட்காமல் உட்காரக் கூடாது.

ஆனால் சேற்றைக் கிளறித் தின்னும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஏன் என்றால், அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி.

பாதரசம் வந்த கதை

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் உள்ளே வெள்ளிபோல் ஏறி இறங்குவது பாதரசம். அந்தத் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980-களில் கொடைக்கானலுக்கு வந்தது. அமெரிக்காவில் இருந்த இயந்திரங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாடுகளுக்குப் போயின.

பாதரசம் ஓர் உலோகம். ஆனாலும் தண்ணீர்போல் ஓடும். அதைவிட விசேஷம், சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. காற்றோடு போய், மழையோடு இறங்கும்.

2001-ல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஊர்மக்கள் போராடினார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலை செய்த 591 தொழிலாளர்களுடன் சமரசம் ஏற்பட 2016 வரை ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்! தொழிலாளர்களின் கஷ்டம் ஒரு தனிக் கதை.

ஏரிக்கு என்ன ஆயிற்று? அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரியின் சேற்றில் கிலோவுக்கு 276 முதல் 350 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. (மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.) அதே மலையில் உள்ள பேரிஜம் ஏரிச் சேற்றில் 189 முதல் 226. குக்கல் ஏரியில் 85 முதல் 91தான். தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசமே ஏரியைக் கெடுத்தது என்பது அவர்கள் முடிவு.

மீனில்? கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம்.

சேற்றிலிருந்து சட்டிக்கு

சேற்றில் கிடக்கும் பாதரசம் அப்படியே இருந்தால் மீனுக்குள் அவ்வளவாகச் சேராது. ஆனால் காற்று இல்லாத சேற்றில் வாழும் சில நுண்கிருமிகள் அதை வேறு உருவமாக மாற்றுகின்றன. அதற்கு மெத்தில் பாதரசம் என்று பெயர். அதுதான் பொல்லாதது. அது புழுவுக்குள் போகும். புழுவைத் தின்ற மீனுக்குள் போகும். உள்ளே போனது எளிதில் வெளியே வராது. மீன் எத்தனை ஆண்டு வாழ்கிறதோ அத்தனை ஆண்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பெரிய மீனில் அதிகம். சிறிய மீனில் குறைவு. பெரிய மீன் மாட்டினால் சந்தோஷப்படுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்!

இதில் சாக்கடைக்கும் பங்கு உண்டு. ஏரியைச் சுற்றி ஓட்டல்கள், பங்களாக்கள். கழிவுநீர் ஏரிக்குள் வந்தால் அதை உரமாகக் கொண்டு செடிகள் கொழிக்கும். செடி அழுகிச் சேற்றில் விழும். அழுகல் அதிகமானால் அடித்தண்ணீரில் பிராணவாயு குறையும். அந்த நுண்கிருமிகளுக்கு அதுதான் கொண்டாட்டம். ஆக, சாக்கடையை நிறுத்துவது நாற்றத்துக்காக மட்டும் அல்ல. மீனில் பாதரசம் ஏறாமல் தடுப்பதற்கும் அது ஒரு வழி. ஏரிச் செடியை அள்ளுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவது இல்லை.

கழுவினால் போகாதா? மஞ்சள், புளி போட்டு வேகவைத்தால்? எண்ணெயில் பொரித்தால்? எதனாலும் போகாது. மீன் சதையோடு அது பிணைந்து கிடக்கிறது. தோலை உரித்துப் போட்டாலும் பயன் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பீதி அடைய வேண்டாம். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், ஆலைக் கழிவு கலந்த கடல் மீனைத் தின்று மக்கள் கை கால் விளங்காமல் போன செய்தி 1956-ல் உலகுக்குத் தெரிந்தது. அங்கே மீனில் இருந்த பாதரசம் இதைவிடப் பல மடங்கு. கொடைக்கானல், மினமாட்டா அல்ல.

இந்தியாவில் இவ்வகை மீன்களில் மொத்தப் பாதரசம் கிலோவுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். ஏரி மீன் அதற்குக் கீழேதான் இருந்தது. ஆனால் ஒரு குடும்பம் வாரத்தில் எத்தனை நாள் மீன் தின்கிறது என்பது சட்டத்துக்குத் தெரியாது!

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-ல் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. உடல் எடை ஒரு கிலோவுக்கு, ஒரு வாரத்துக்கு, 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். அதற்கு மேல் போகக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையை நினைத்துப் போட்ட கணக்கு இது.

50 கிலோ எடையுள்ள ஒரு தாய். அவளுக்கு வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். மீன் சதையில் உள்ள பாதரசம் பெரும்பாலும் மெத்தில் பாதரசமே. ஆகவே 290 கண்ட அந்த மீனில் கால் கிலோவுக்குச் சற்று அதிகம் சாப்பிட்டால் வாரக் கணக்கு தீர்ந்துவிடும். 120 கண்ட மீன் என்றால் அறுநூறு கிராமுக்கு மேல் சாப்பிடலாம்.

15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 24 மைக்ரோகிராம்தான். 290 கண்ட மீனில் அது சுமார் 80 கிராம். ஒரு துண்டு, அவ்வளவே!

சுற்றுலா வந்த இடத்தில் ஒருநாள் ஒரு துண்டு சாப்பிட்ட பெரியவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. உடம்பில் ஏறிய மெத்தில் பாதரசமும் இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். வாரா வாரம் ஏரி மீனையே சமைக்கும் உள்ளூர்க் குடும்பம்தான் யோசிக்க வேண்டும். அதிலும் கர்ப்பிணிப் பெண்களும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீடு. அந்த வீட்டில் மீன் வேண்டாம் என்பது அல்ல. மீன் நல்ல உணவு. மலையடிவாரத்திலிருந்து வரும் மத்தி போன்ற சிறு கடல் மீன் மலிவு, பாதரசமும் குறைவு.

பழைய கணக்கு போதுமா?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மேலே சொன்ன எண்கள் 2006-ல் அச்சில் வந்தவை. அன்று ஏரியில் இருந்த மீன் இன்று இல்லை. சேறும் அன்று போல் இராது. மழையோடு புது மண் வந்து பழைய சேற்றை மூடினால் பாதரசம் குறையலாம். தூர் வாரும்போது பழைய சேறு மேலே கிளம்பினால் கூடலாம். கெண்டையே வாயால் தூர் வாருகிற மீன்தானே!

இதைத் தீர்க்கப் பெரிய திட்டம் வேண்டாம். ஏரியின் வெவ்வேறு கிளைகளில் சிறியதும் பெரியதுமாகச் சில பத்து மீன்களைப் பிடித்து, எடையும் நீளமும் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சதையைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை செய்தால், பாதரசம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நான்கைந்து ஆண்டில் தெரிந்துவிடும். ஏரியில் குஞ்சு விடுவதற்கு ஆகும் செலவோடு இதையும் சேர்த்துவிடலாம். எத்தனை குஞ்சு விட்டோம் என்ற கணக்கு மட்டும் இருந்தால், அது மீனின் கணக்குதான். சாப்பிடுகிறவரின் கணக்கு அதில் இல்லை.

அதுவரையில் தூண்டில்காரர் என்ன செய்வது? இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தின்பது இல்லை. பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கெண்டை தைரியமான மீன். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை மெதுவாக எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பெரிய மீனை அப்படி விட்டுவிடலாம். கறிக்கு வேண்டும் என்றால் சிறியதை வைத்துக்கொள்ளலாம்.

சோதனை முடிவை எங்கே எழுதுவது என்று அதிகாரிகள் யோசிக்க வேண்டியது இல்லை. படகுத் துறையில் கட்டணப் பலகை தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகைக்கு இடம் இருக்கிறது. "இந்த ஆண்டு ஏரி மீனில் பாதரசம் இவ்வளவு; கர்ப்பிணிகள் வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் சாப்பிட வேண்டாம்" என்று தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு வரி.