நேசித்த மக்களிடமும் உண்மையைச் சொன்னவர்



ஒரு மக்களை நேசிப்பவர் அவர்களுடைய வரலாற்றை எப்படி எழுத வேண்டும்? இதற்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஜான் எலியட்டை. இங்கிலாந்துக்காரர். ஸ்பெயினின் வரலாற்றுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். 2022 மார்ச்சில் 91 வயதில் காலமானார்.

1950இல் கேம்பிரிட்ஜ் மாணவராக ஸ்பெயினைச் சுற்றிப் பார்க்கப் போனார். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியம் ஒன்று அவரை நிறுத்தியது. குதிரை மேல் ஒலிவாரெஸ். மன்னர் நான்காம் பிலிப்பின் முதன்மை அமைச்சர். இவரைப் பற்றி ஆராயலாம் என்று தேடினால், அவருடைய ஆவணங்களில் பெரும்பகுதி எப்போதோ தீயில் போய்விட்டது.

ஆகவே, 1640இல் ஒலிவாரெஸின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த கட்டலோனியாவின் பக்கம் திரும்பினார். பார்சிலோனாவில் ஒரு குடும்பத்தோடு தங்கி, கட்டலான் மொழியைக் கற்றார். அது பிராங்கோவின் சர்வாதிகாரக் காலம். அந்த மொழியில் பேசியதற்காக, பேரரசின் மொழியில் பேசும்படி ஒரு போலீஸ்காரர் அவரை அதட்டினார்.

அந்த மக்கள் மேல் இவ்வளவு பரிவு இருந்தும், 1963இல் வந்த தன் நூலில் அவர்கள் கேட்க விரும்பியதை அவர் எழுதவில்லை. மாட்ரிட் கொடுங்கோலன், கட்டலோனியா ஒரு பாவமும் அறியாதது என்ற கதை ஆவணங்களோடு ஒட்டவில்லை. போர்ச் சுமையில் பெரும்பகுதியைக் காஸ்டில் சுமந்து களைத்திருந்தது. எல்லாப் பகுதிகளும் பங்கு ஏற்கட்டும் என்றார் ஒலிவாரெஸ். கட்டலோனியாவில் உரிமை பேசிய மேட்டுக்குடியினர் தங்கள் நலனையும் பார்த்துக்கொண்டார்கள். குடியானவர் வீடுகளில் படைவீரர்களைத் தங்கவைத்து அரசு செய்த கொடுமையையும் எலியட் மறைக்கவில்லை. பார்சிலோனாவில் சிலருக்கு இந்த நூல் கசந்தது.

மொழி நசுக்கப்படும் நேரத்தில் இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பிராங்கோ செய்தது அநியாயம் என்று சொல்ல, 1640இல் எல்லோரும் உத்தமர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. கட்டுக்கதை மேல் நிற்கும் உரிமை, கதை பொய்த்த அன்றே ஆட்டம் காணும்.

ஒலிவாரெஸையும் அவர் விடவில்லை. சிதறிக் கிடந்த கடிதங்களைத் தேடிச் சேர்த்து, 1986இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஓவியத்தைப் பார்த்து 36 ஆண்டுகள் கழித்து!

பிள்ளைகளே, பெருமையாக இருக்கிறதே என்று ஒரு வரலாற்றுச் செய்தியை அப்படியே பகிர்ந்துவிடாதீர்கள். எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஒரு முறை கேளுங்கள்.