கேமரன் மலை முழுக்கச் சுவரா?

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் சாலையில் ஏற்றம் உண்டு. ஆனால் அது சுவர் அல்ல. காய்கறி லாரிகள் தினமும் ஓடுகின்றன. அதே பகுதியின் சரிவு வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால், பலருக்குத் திரை முழுக்கச் சிவப்பாக வருகிறது. எங்கு தொட்டாலும் 89 பாகைக்கு மேல்! மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று பதறாதீர்கள். கோளாறு அளவுகோலில் இருக்கிறது.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை ரேடாரால் அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்தத் தரவை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கட்டத்தின் அகலம் தரையில் சுமார் 30 மீட்டர். ஆனால் கோப்பில் அது 0.000278 பாகை என்று பதிவாகியிருக்கும். உயரம் மட்டும் மீட்டரில்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு 10 மீட்டர் ஏற்றம் என்றால் உண்மைச் சரிவு சுமார் 18 பாகை. அலகைக் கவனிக்காத கருவியோ 10-ஐ 0.000278-ஆல் வகுக்கிறது. மலை சுவராகிவிடுகிறது.

தீர்வு எளிது. ராஸ்டர் மெனுவில் ‘வார்ப்’ கருவியைத் திறந்து, தரவை மீட்டர் அலகுக்கு மாற்றுங்கள். கேமரன் மலைக்கு யுடிஎம் 47 வடக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 32647, பொருந்தும். ‘அசைன் புரொஜெக்‌ஷன்’ வேண்டாம். அரைக் கிலோ தேயிலைப் பொட்டலத்தில் ஒரு கிலோ என்று சீட்டு ஒட்டினால் எடை கூடிவிடுமா? அது சீட்டைத்தான் மாற்றும்; ‘வார்ப்’தான் தரவை மாற்றும்.

அங்கேயே ‘பைலீனியர்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘நியரஸ்ட் நெய்பர்’ என்று விட்டுவிட்டால் மலைநிழல் படத்தில் கோடு கோடாக விழும். எங்காவது உயரம் -32768 என்று காட்டினால் அது பாதாளம் அல்ல. ரேடாருக்கு எட்டாத இடம். ‘வார்ப்’ செய்வதற்கு முன்பே அந்த எண்ணை ‘நோடேட்டா’ என்று குறித்துவிடுங்கள்.

ட்ரோன் படத்தைப் பழைய வரைபடத்தின் மேல் வைத்தால் தேயிலைத் தோட்டம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கிறதா? பழைய வரைபடம் கெர்த்தாவ் அடிப்படையில் வரையப்பட்டிருக்கலாம். இன்றைய ஜிபிஎஸ் அடிப்படை வேறு. படத்தைக் கையால் இழுத்துப் பொருத்தாதீர்கள்; பழைய வரைபடத்துக்குச் சரியான ஆள்கூற்று முறையைக் கொடுங்கள்.

இதற்கு ஏன் இத்தனை கவனம்? மலேசியாவில் மலைச்சரிவு நிலங்களை வகைப்படுத்தும்போது 25, 35 பாகைகள் முக்கிய எல்லைகள். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் வேலியில் உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. சரிவுகளில் அரித்த மண் அந்த அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்வது நெடுநாள் தொல்லை. எந்தச் சரிவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

முழுக்கச் சிவப்பான படத்தைப் பார்த்தவுடனே சந்தேகப்படுவோம். சரியாக வந்ததுபோல் தோன்றும் படத்தில்தான் ஏமாறுவோம். எஸ்ஆர்டிஎம் காட்டில் தரையை அல்ல, பெரும்பாலும் மரத்தலையைத்தான் அளக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய ஐந்து மீட்டர் மண்சுவர் 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துவிடும். படம் பச்சை காட்டினாலும், ஒரு முறை நேரில் போய் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.