யாரிடம் போய்ச் சொல்வேன்?



மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். அறிந்திருந்தும் சில இல்லங்களில் அந்தத் தீமை நுழைந்துவிடுகிறது. மஹல்லாவுக்குத் தெரிந்தால் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையாதே என்று அஞ்சி, மனைவி அதை மூடி மறைக்கிறாள். ஆண்டுகள் கழிகின்றன, கணவரின் உடல்நிலையோ மேலும் கெடுகிறது.

குடித்தல் பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விட நினைத்தும் விட முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. எனவே தவ்பாவோடு மருத்துவமும் வேண்டும்.

“எங்கள் கிராமத்தில் யாரிடம் போய்ச் சொல்வேன்?” என்று கேட்கிறீர்களா? சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். துயரத்தில் முடங்கிவிடாமல், 1980ஆம் ஆண்டு அவர் பெயரால் குடிநோயாளிகளுக்கென ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். கிராமத்து ஏழைகள் சென்னை வரை வர இயலாது என்பதை உணர்ந்து, 1989இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடிக்கே அக்குழுவினர் சென்று முகாம் நடத்தினர். மருந்தும் அறிவுரையும் குடிநோயாளிக்கு மட்டும் போதா, குடும்பத்தாருக்கும் வழிகாட்டல் தேவை என்பதே அவர்கள் கண்ட வழி.

நம் பகுதியிலும் வாயில்கள் உண்டு. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக விளங்கி இன்று அரசுக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பரங்கிப்பேட்டையிலிருந்தோ லால்பேட்டையிலிருந்தோ செல்வது பெருந்தொலைவன்று. ஊரார் கண்ணில் படத் தயங்கினால், போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்களில் முதலில் பேசலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை அறைக்குள் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அடுத்து, அவர் அறியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். சில மருந்துகள் மதுவோடு சேரும்போது பெருந்தீங்கு விளைவிக்கும்.

மருத்துவரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள். எத்தனை ஆண்டுகளாக, எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். ஒருமுறை மீண்டும் சறுக்கினாலும் சிகிச்சை வீணாயிற்று என்று கைவிட்டுவிடாதீர்கள். மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அபராதமும் ஒதுக்கிவைத்தலும் அந்த வீட்டுக் கதவை இன்னும் இறுகச் சாத்தவே செய்யும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு நம்பிக்கையானவரை அனுப்புங்கள். அவர் குணமாகும் வரை அந்த வீட்டு அடுப்பு எரிய உதவுங்கள்.

சகோதரியே, இன்று ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் இல்லத்துக்கு நிம்மதியைத் தருவானாக! ஆமீன்.